ஈயத்தில் விழும் முத்திரை

கடைக்காரர் தட்டில் வைக்கும் ஒரு கிலோ கல்லைப் புரட்டிப் பார்த்தவர்கள் நம்மில் குறைவு. அறுகோணமாக வார்த்த அந்த இரும்புக் கல்லில் ஒரு குழி உண்டு. குழி நிறையக் காரீயம். இரும்பைக் கிராம் பிசகாமல் வார்த்தெடுக்க முடியாது. அதனால் சற்றுக் குறைவாகவே வார்த்து, மிச்சத்தை ஈயம் ஊற்றிச் சரிக்கட்டுவார்கள். அந்த ஈயத்தின் மேல்தான் அரசின் முத்திரை விழும்.

இந்த ஈயத்தைச் சரிசெய்கிறவர்களைப் பார்க்கத்தான் தென்காசிக்குப் போயிருந்தேன். சுற்றிலும் எடை போட்டே பிழைக்கும் ஊர்கள். பாவூர்சத்திரத்தில் காய்கறிச் சந்தை, புளியங்குடியில் எலுமிச்சை, குற்றாலத்தில் சீசன் வந்தால் அருவிச் சாலை நெடுகப் பழக்கடை. ரத வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் அண்ணாச்சியின் பட்டறை. தராசு பழுது பார்க்க உரிமம் பெற்றவர். அவருடைய அப்பாவும் இதே வேலைதான் பார்த்தாராம். சுவரில் தராசுக் கோல்கள் தொங்க, தரையில் ஐந்து கிலோ கற்கள் அடுக்கியிருந்தன. அக்கா மகன் ஒருவன் கூடமாட வேலை பழகுகிறான்.

நான் போன நேரத்தில் ஒரு கிலோ கல் ஒன்று அவன் கையில் இருந்தது. புது ஈயம் ஊற்றியதில் எடை கொஞ்சம் கூடிவிட்டதால், கூடுதலை டிரில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தான். பிட் சாய்ந்து, ஈயத்தைத் தாண்டிக் குழியின் இரும்புச் சுவரில் போய் இடித்தது. சத்தத்தை வைத்தே அண்ணாச்சி திரும்பிவிட்டார்.

"சாஞ்சு போச்சு மாமா. இரும்புல தட்டிட்டு."

"தட்டுனா ஈயம் ஆடும்லா? உளிய வச்சுத் தட்டிப் பாருலே."

ஆடியது. குழி வாயில் குறுகியும் அடியில் அகன்றும் இருக்கும். அந்த அகலம்தான் ஈயத்தைக் கழன்று விழாமல் பிடித்து வைக்கிறது. சாய்ந்த துளை அந்தப் பிடியைத் தின்றுவிட்டது. மேலே கொஞ்சம் ஈயத்தை ஊற்றி ஓட்டையை அடைத்துவிட்டால் என்ன என்று கேட்டேன்.

"ஊத்தலாம் தம்பி, பாக்க நல்லாத்தான் இருக்கும். பழைய ஈயத்து மேல ஆடை படிஞ்சிருக்கு, புதுசு அதுல ஒட்டாது. கொஞ்ச நாள்ல பேந்துரும். கல்லு குறையும், பழி கடைக்காரருக்கு."

ஆகவே முழு ஈயத்தையும் உளியால் பெயர்த்தார்கள். குழிக்குள் துரு. கம்பி பிரஷால் அதைச் சுரண்டித் தட்டிவிட்டு, கல்லை அடுப்பில் வைத்துச் சூடேற்றினார் அண்ணாச்சி. குற்றாலச் சாரல் தென்காசி வரை நனைக்கும் காலம் இது. இரும்பின் நுண்துளைகளில் ஈரம் நிற்கும். ஈயம் உருகுவதே 327 டிகிரி செல்சியஸில். அந்தச் சூட்டில் ஒரு சொட்டு நீர் பட்டாலும் 1,600 மடங்குக்கு மேல் ஆவியாக விரிந்து, உருகிய ஈயத்தை முகத்தில் தெறிக்கச் செய்யும். அதனால் சாரல் காலத்தில் கல் காயாமல் கரண்டியைத் தொடக்கூடாது என்பது பட்டறையில் கண்டிப்பான விதி. பையன் அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருக்கலாம். எனக்கு அந்தக் கண்டிப்பு பிடித்திருந்தது.

இரும்புக் கரண்டியில் ஈயம் உருகியதும் மேலே மிதந்த கசடை வழித்தார். செய்தித்தாள் துண்டு ஒன்றை ஈயத்தில் தோய்த்து எடுத்தார். தாள் பழுப்பாகக் கருகியது, பதம் வந்துவிட்டது. ஒரே ஊற்றாக ஊற்றினார். ஆறும்போது ஈயம் சுருங்கி, குழியின் ஓரத்தில் மயிரிழை இடைவெளி விடும். அங்கேதான் கைவேலை. மழுங்கிய பஞ்ச்சை ஓரம் ஓரமாக வைத்துச் சுத்தியலால் தட்ட, ஈயம் பிதுங்கி இரும்போடு இறுகுகிறது. பிறகு தராசில் ஏற்றி, உளியால் சீவிச் சீவி முள்ளை நடுவுக்குக் கொண்டுவருகிறார். இந்த முறை டிரில் இல்லை. 5 மில்லிமீட்டர் பிட்டை 5 மில்லிமீட்டர் ஆழம் இறக்கினால் ஏறத்தாழ 1.1 கிராம் ஈயம் போய்விடும். உளிச் சீவல் ஒன்றில் அதில் பத்தில் ஒரு பங்குகூடப் போகாது. "ஒரு நூல் கூட இருக்கலாம், குறையக் கூடாது. புழங்கப் புழங்கக் கல்லு தேயும்லா" என்றார்.

ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.3 கிராம். சின்ன இடத்தில் பெரிய எடையை அடக்க வேண்டிய இடமெல்லாம் ஈயம் வந்து நிற்பது இதனால்தான். கார் சக்கர விளிம்பில் இருக்கிறது. வெளிநாடுகளில் வீட்டுக் கொட்டகையில் சிறு விமானம் கட்டுகிறவர்கள், வால் பகுதியில் அசையும் தகட்டின் முனையிலும் ஈயக் கட்டியைத் துளையிட்டுப் பூட்டுகிறார்கள். அங்கே எடை குறைந்தால் வேகத்தில் தகடு படபடத்து முறிந்துபோகும் அபாயம் உண்டு. துளை இடம் தவறினால் அவர்களுக்கும் இதே தலைவலிதான்.

சரிசெய்த கல் நேரே கடைக்குப் போக முடியாது. மறுபடி முத்திரை ஆய்வாளரிடம் போக வேண்டும். அவர் தம்மிடமுள்ள அளவுகளோடு ஒப்பிட்டு, காலாண்டு எழுத்தும் ஆண்டும் ஈயத்தில் அடித்துத் தருவார். அவருடைய அளவுகளும் தமக்கு மேலுள்ளவற்றோடு சரிபார்க்கப்படுபவை. அந்தச் சங்கிலி புது தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கும் 57ஆம் எண் பிளாட்டினம்-இரிடியம் கிலோவரை போகிறது. 2019 மே 20 முதல் கிலோவின் வரையறையே உலோகக் கட்டியை விட்டு இயற்பியல் மாறிலிக்கு மாறிவிட்டது. பழக்கடையில் இருக்கும் கல்லுக்கு ஆதாரம் மட்டும் இன்னும் இந்த ஈயக் குறிதான்.

மெட்ரிக் எடை 1958 அக்டோபரில் தொடங்கி, 1962 ஏப்ரல் முதல் கட்டாயமானது. பலமும் சேரும் வீசையும் போய்க் கிலோ வந்தபோது தராசுக்காரர்களுக்கு வேலை பெருகியதாம். இப்போது எலெக்ட்ரானிக் தராசு வந்து அந்த வேலையைக் குறைத்துவிட்டது. அண்ணாச்சி அதையும் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டார்.

முத்திரை வாங்கி வந்திருந்த வேறு கற்களைக் கொடுக்க அவரோடு குற்றாலம் போனேன். மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்திருந்த கடையில் ஓர் அம்மா. அருவித் திவலை பட்டுப் பட்டுக் கற்கள் துருவேறுவதாகச் சொன்னார். எலெக்ட்ரானிக் தராசு வாங்கி, ஈரம் புகுந்து கெட்டுப்போய், பழைய தராசுக்கே திரும்பியவர். ஈயத்தைச் சுரண்டிவிட்டு மெழுகு அடைத்துக் கறுப்புப் பெயின்ட் பூசித் தரும்படி கேட்கிற கடைக்காரர்களும் உண்டு என்று திரும்பும் வழியில் அண்ணாச்சி சொன்னார். அப்படி வந்த கல்லை அவர் தொடுவதில்லை.

ஒன்று மட்டும் என்னை உறுத்தியது. பட்டறையில் புகை போக ஒரு ஜன்னல்தான். கையுறை இல்லை, முகக்கவசம் இல்லை. ஈயம் உடம்பில் சேர்ந்தால் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வளரும் பிள்ளைகளுக்கு இன்னும் கேடு. உரிமம் கொடுக்கிற துறையே, புகைபோக்கியும் கையுறையும் இருக்கிறதா என்று பார்த்து உரிமத்தைப் புதுப்பிக்கலாம். தமிழ்நாட்டில் எடையளவைப் பார்ப்பதும் தொழிலாளர் துறைதான் என்பதால், வேறு வாசலுக்கு அலைய வேண்டியதில்லை.

அடுத்த முறை கல் வைத்து எடை போடும் கடைக்குப் போனால், கல்லைப் புரட்டிக் காட்டச் சொல்லுங்கள். எடைக்கற்களுக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறை மறுமுத்திரை வேண்டும். ஈயம் வழவழவென்று இருந்து குறி இல்லாவிட்டாலோ, ஆண்டு பழையதாக இருந்தாலோ, முத்திரை ஆய்வாளரிடம் சொல்லுங்கள்.