விவசாயி சம்மதித்தால்தான் பனிப்பாதை

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் பால் மாடுகளுக்குப் பெயர் போனது. குளிர்காலத்தில் மக்காச்சோளக் கொல்லையும் குதிரைமசால் வயலும் பனிக்கு அடியில் கிடக்கும். அதன் மேல் 'ஸ்னோமொபைல்' என்ற பனிவண்டிகள் ஓடும். 1924-ல் சேனர் என்ற சிற்றூரில் கார்ல் எலியாசன் மோட்டார் பூட்டிய பனிவண்டி செய்ததும் இங்கேதான்.

பாதைகளில் பெரும்பகுதி தனியார் நிலம். ஊர் கிளப்காரர்கள் வீடு வீடாகப் போய் அனுமதி கேட்கிறார்கள். அறுவடை முடிந்ததும் புதர் வெட்டி, குச்சி நட்டு வழி காட்டுகிறார்கள். உழவுக்கு முன் அத்தனை குச்சியையும் பிடுங்கிவிட வேண்டும். இரவுக் குளிரில் டிராக்டருக்குப் பின்னால், நம் பரம்பு மாதிரி ஒன்றைக் கட்டி இழுத்துப் பனியைச் சமப்படுத்துகிறார்கள். அப்போதுதான் இறுகும். பெரும்பாலும் கூலியில்லாத வேலை.

பணம்? வண்டிப் பதிவுக் கட்டணமும் பாதைச் சீட்டும் உண்டு. எனக்குப் பிடித்தது பெட்ரோல் வரிக் கணக்கு. பதிவான வண்டி ஒவ்வொன்றும் 50 கேலன், அதாவது சுமார் 190 லிட்டர் எரிப்பதாக வைத்து, அதற்கான வரியை அரசு பாதைகளுக்கே ஒதுக்குகிறது. அந்தப் பணம் மாவட்ட நிர்வாகம் வழியாகக் கிளப்புக்கு வருகிறது. பற்றாக்குறைக்கு விருந்து, குலுக்கல் சீட்டு.

நிலக்காரருக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. வண்டி கவிழ்ந்தால் பொதுவாக அவர் பொறுப்பல்ல. ஆனால் பயிருக்கு? ஒருவர் தடம் விலகிக் குதிரைமசால் மேல் ஓட்டினால் பனி அமுங்கி, உறைகுளிர் வேர் வரை இறங்கும், பயிர் பட்டுப்போகலாம். மறு வருடம் அந்த விவசாயி கையை விரித்தால், பாதை அவர் வேலியோடு நின்றுவிடும். கிளப்காரர்கள் அடுத்த நிலக்காரர் வீட்டுக்கு நடக்க வேண்டியதுதான்.