மேல்குளம் ரொம்பினால்

ஆசிரியரையே உவமையால் எடைபோட்ட நூல் நன்னூல். அதைச் செய்த பவணந்தி முனிவர் நம் கொங்கு மண்ணுக்காரர், பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரம்தான் அவர் ஊர் என்பார்கள். 13ஆம் நூற்றாண்டு. மாணவரை அன்னம், பசு, எருமை, ஓட்டைக்குடம் என்று தரம் பிரித்ததோடு, ஆசிரியர் ஆகாதவர் யார் என்றும் சொன்னார். ஏறிப் பறிக்க விடாமல், தானாக விழுந்தால் மட்டும் பழம் தரும் மடற்பனை ஒருவர். ஒருவன் தண்ணீர் ஊற்றி வளர்க்க, சாய்ந்து போய் அடுத்தவன் தோட்டத்தில் காய் போடும் முடத்தெங்கு இன்னொருவர். முனைவர் பட்ட ஆய்வு செய்தவர்களுக்கு இவற்றுக்கு உரை வேண்டாம்.

ஆய்வுக்கு வழிகாட்டும் கைடு முன்னால் உட்கார்ந்து இந்த உவமைகளைச் சொல்ல முடியுமா? அவர் கையெழுத்து இல்லாமல் ஆய்வேடு நகராது.

கோவை உக்கடத்து ஆய்வு மாணவி ஒருத்தியை அறிவேன். மூன்றாம் இயல் எங்கே என்று கைடு கேட்டார். இரண்டாம் இயல் மாதக்கணக்கில் அவர் மேசையில் கிடந்தது. "செல்வசிந்தாமணி ரொம்புனாத்தானுங்க சார் பெரியகுளத்துக்குத் தண்ணி வரும்" என்றாள். உக்கடம் பெரியகுளத்துக்கு மேலே இருப்பது செல்வசிந்தாமணிக் குளம். அதன் மிகுநீர் இங்கே வரும், இங்கிருந்து வாலாங்குளத்துக்குப் போகும். அவரும் கோவைக்காரர், உடனே பிடித்துக்கொண்டார். "பெரியகுளத்துக்கு நொய்யல் வாய்க்கால் தண்ணியும் வருதேம்மா" என்றார். களப்பணிக் குறிப்புகளை வைத்தே மூன்றாம் இயலைத் தொடங்கலாமே என்பது அதன் பொருள். குற்றச்சாட்டும் பதிலும் யார் முகமும் சுருங்காமல் முடிந்தன. இரண்டாம் இயலைத் திருத்தித் தர அன்றே நாள் குறித்தார்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது, அந்தக் குளத்தை இருவருமே பார்த்திருந்ததுதான். அதனால் அவள் எடுத்த உவமையை அவர் நீட்ட முடிந்தது. மேலிருந்து ஒருவர் மட்டும் சொல்லி, கீழே இருப்பவர் தலையாட்டும் உவமைக்கு அந்த வசதி கிடையாது. "இயல்ல தண்ணி அதிகம்" என்ற ஒரே வரியோடு திருப்பி அனுப்பப்பட்டு, எந்தப் பத்தியை வெட்டுவது என்று தெரியாமல் விழித்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சிலர் நல்ல பத்திகளை வெட்டினார்கள். "எந்தப் பக்கமுங்க சார்?" என்று கேட்க அவர்களுக்குத் துணிவு வரவில்லை. அந்தத் துணிவைக் கொடுக்க வேண்டியவர் கைடுதான். உவமை சொன்ன கையோடு பக்க எண்ணையும் அவரே சொல்லிவிடலாம்.