இளசும் முதிர்ந்ததும் ஒரே மேசையில்

சோட்டேர்ன் என்ற இனிப்பு ஒயினில் இளசையும் முதிர்ந்ததையும் நண்பர்களோடு சுவைக்க உட்காருபவர்கள் முதலில் பழகவேண்டியது கொஞ்சமாக ஊற்றுவதற்கு. லிட்டருக்கு 120 கிராமுக்கு மேலும் சர்க்கரை இருக்கக்கூடிய ஒயின் அது; 375 மில்லி கொண்ட சின்னப் பாட்டில் ஐந்தாறு பேருக்குத் தாராளம். இளசை முடித்துவிட்டு முதிர்ந்ததைத் தொட்டால் அதற்குள் நாக்கு சலித்துப்போகும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றி, மாறி மாறிப் பருகுவதே சரி.

பழைய பாட்டிலை முந்தின நாளே நிமிர்த்தி வைத்தால் வண்டல் அடியில் தங்கும். தக்கை உளுத்திருக்கலாம், அவசரப்படாமல் திறக்கவேண்டும்.

சோட்டேர்ன் பிறப்பது பிரான்ஸின் போர்தோவுக்குத் தெற்கே. அங்கே குளிர்ந்த சிரோன் ஆறு வெதுவெதுப்பான கரோன் ஆற்றில் கலக்கும் இடத்தில் இலையுதிர் காலத்துக் காலைகளில் பனிமூட்டம் எழும். அந்த ஈரத்தில் போட்ரைடிஸ் சினெரியா என்ற பூஞ்சை திராட்சையில் படரும். மதிய வெயில் மூட்டத்தைக் கலைத்ததும், பூஞ்சை துளைத்த தோல் வழியாகத் தண்ணீர் ஆவியாகி, பழம் சுருங்கி, சர்க்கரையும் புளிப்பும் செறியும். வெயில் வராமல் மழை பிடித்துக்கொண்டால் அதே பூஞ்சை பழத்தை அழுகடித்துவிடும். பூஞ்சை எல்லாப் பழத்திலும் ஒரே நாளில் பிடிப்பதில்லை என்பதால் பறிப்பவர்கள் ஒரே வரிசைக்குப் பலமுறை திரும்பி வருகிறார்கள். போர்தோ ஒயின்களின் 1855ஆம் ஆண்டுத் தரவரிசையில் தனி உச்சத்தில் வைக்கப்பட்ட ஷாத்தோ திகெம் தோட்டத்தில் ஒரு கொடிக்கு ஒரு கோப்பை ஒயின்தான் தேறும் என்பார்கள். 2012 விளைச்சல் தரத்துக்கு எட்டாததால் அந்த ஆண்டின் பெயரில் அவர்கள் சோட்டேர்னே வெளியிடவில்லை. இந்தப் பிடிவாதம் தெரிந்தவர்களுக்குக் கோப்பையை அலட்சியமாகக் காலி செய்ய மனம் வராது.

கோப்பைகளை வெள்ளைத் துணிமேல் சாய்த்துப் பார்த்தால் இளசு வெளிர்பொன். முப்பது வருடம் கடந்தது செம்பொன், சில சமயம் பால் விடாத தேநீர் நிறம். இளசின் வாசம் அன்னாசி, ஆப்ரிகாட், தேன், புது ஓக் பீப்பாயின் வெனிலா. முதிர்ந்ததில் ஆரஞ்சுத் தோல், குங்குமப்பூ, சிவக்கக் காய்ச்சிய சர்க்கரைப்பாகு. அதற்குப் பின்னால் இன்னொன்று மெல்ல வரும். தமிழ்ச் சமையலறையில் வளர்ந்த மூக்கு சட்டென்று அடையாளம் காணும். வெந்தயம்! அது பிரமை இல்லை. வெந்தயத்துக்கு அந்த வாசத்தைத் தருகிற சோட்டோலோன் என்ற பொருள் இந்த ஒயினிலும் இருக்கிறது.

“பழசுல இனிப்பு கொறைஞ்சிருக்கே” என்று நண்பர்களில் யாராவது சொல்லாமல் இருக்கமாட்டார்கள். சர்க்கரை எங்கும் போகவில்லை. இளமையின் பழவாசம் நாக்கில் இனிப்பைக் கூட்டிக் காட்டும். அது அடங்கியதும் புளிப்பும் இளங்கசப்பும் மேலே வருகின்றன. கூட்டத்தின் வாக்கு பெரும்பாலும் முதிர்ந்ததற்கே விழும். அதற்காக இளசை வெறும் காத்திருப்பாக நினைப்பது அநியாயம். அந்த அன்னாசித் துள்ளல் பத்து வருடம் கழித்துக் கிடைக்காது.

கூட என்ன வைப்பது? ஒயினைவிட இனிப்பான கேக் வேண்டவே வேண்டாம், ஒயின் வெறும் புளிப்பாகத் தெரியும். நீல நரம்போடிய, உப்புத் தூக்கலான ரோக்ஃபோர் சீஸ் ஒரு துண்டு போதும். அதை இளசோடு சாப்பிட்டுப் பார்த்தபின் வாக்கை மாற்றிக்கொள்பவர்களும் உண்டு.