மார்கழிப் பனியும் ராடு பிரேக் சைக்கிளும்

போன ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணி இருக்கும். சொசைட்டில பால் ஊத்திட்டுத் திரும்பி வரும்போது, தடப்பள்ளி வாய்க்கால் கரையில ஒரு தம்பி சைக்கிளைக் கவுத்துப் போட்டுட்டு உக்காந்திருந்தார். கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் வேலையாம். கோபிக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவர், கரையோரமாவே கொடிவேரி வரைக்கும் போயிரலாம்னு விடியறதுக்கு முந்தியே கெளம்பியிருக்கார். கியர் சைக்கிள், மெலிசு டயர், தலையில ஹெல்மெட், கையில உறை. பாக்க அம்சமாத்தான் இருந்துச்சு. ஆனா ரெண்டு சக்கரத்துலயும் காத்து இல்ல. நெருஞ்சி முள்ளு. முன் டயர்ல மட்டும் பதினொண்ணு பிடுங்கினோம்.

அவர்கிட்ட மாத்து டியூப் ஒண்ணுதான் இருந்துச்சு. என்னோட கேரியர் பையில சொல்யூசன், பழைய டியூப்புத் துண்டு, உப்புத்தாள், கைப்பம்பு எல்லாம் எப்பவும் கெடக்கும். வாய்க்கால் தண்ணியில டியூப்பை முக்கி, முட்டை வர்ற எடமெல்லாம் பாத்து ஒட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆச்சு. அந்த நேரத்துல, "ஐயா, இந்தப் பக்கம் பனிக்காலத்துல ஓட்டோணும்னா என்னென்ன பாத்துக்கோணும்?"னு கேட்டார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதி வெக்கலாம்னு தோணுச்சு. அவர்கிட்ட சொல்லாத ஒண்ணும் இதுல இருக்குது.

எங்கிட்ட இருக்கறது 1994ல வாங்கின பெரிய சைக்கிள். 28 இஞ்ச் சக்கரம், ராடு பிரேக், டைனமோ லைட்டு, ரெட்டைக்கால் ஸ்டாண்டு. எடை இருவது கிலோவுக்கு மேலயே வரும். டயர், டியூப், செயின், பெடல்னு மாத்தாத சாமானே இல்ல. ஹேண்டில் பாரும் பிரேமும்தான் பழசு. கரடு முரடான பாதைக்கு இந்தத் தடிச்ச டயர்தான் லாயக்கு. மெலிசு டயர் தார் ரோட்டுக்குச் சரி.

குளிர்காலம்னு சொன்னா ஊட்டிக்காரங்க சிரிப்பாங்க. எங்கூர் மார்கழி இருவது டிகிரியத் தொடும், சில நாள் அதுக்குக் கொஞ்சம் கீழ எறங்கும். குளிரு ஒரு விசயமே இல்லீங்க. ரெண்டு மைல் மிதிச்சா வேர்த்துரும். காதை மட்டும் துண்டால கட்டிக்கோங்க, அதையும் இறுக்கிக் கட்டாதீங்க. காதை அடைச்சுட்டா பின்னாடி வர்ற வண்டிச் சத்தம் கேக்காது. பனியில கண்ணு பாதிதான் வேலை செய்யும், மீதிக்குக் காதுதான்.

ஆபத்து பனிமூட்டம்தான். வயல்ல தண்ணி நிக்குது, பக்கத்துல வாய்க்கால் ஓடுது, ராத்திரி மேகமில்லாம காத்தும் அசையாம இருந்தா விடியக்காலம் வெள்ளைத் துணி போத்தின மாதிரி ஆயிரும். சினிமாக்காரங்க பாட்டுக்கு வந்து படம் பிடிக்கற அதே பச்சை வயல்தான். அந்த நேரத்துல அங்க பத்தடி தள்ளி நிக்கற மாடு தெரியாது. பேட்டரி லைட்டு வெச்சிருக்கறவங்க வெளிச்சம் பத்தலைன்னு அதைத் தூக்கி நேரா அடிக்கறாங்க. பனியில பட்டு வெளிச்சம் நம்ம கண்ணுக்கே திரும்பி வரும். லைட்டைக் கீழ சாச்சு, சக்கரத்துக்கு முன்னாடி நாலு பாகம் தூரம் விழற மாதிரி வெச்சுக்கோங்க.

டைனமோவுக்கு வேற கொறை. வேகம் கொறைஞ்சா வெளிச்சமும் கொறையும். டயர் நனைஞ்சா உருளை வழுக்கும், லைட்டு மினுக்கு மினுக்குங்கும். டயர் பக்கத்தை ஒரு துணியில துடைச்சுட்டா செரியாயிரும். பிரேக்கும் அப்படித்தான். ஈரமான இரும்பு ரிம்மில கட்டை பிடிக்கவே பிடிக்காது. வளைவு வர்றதுக்கு முந்தியே லேசாப் பிடிச்சுப் பிடிச்சு விட்டுட்டே போனா ஈரம் வழிஞ்சிரும். அப்பறம் பிடிச்சா நிக்கும்.

தம்பிகிட்ட சொல்லாதது இதுதான்.

2016 மார்கழியில ஒரு நாள். வீட்டுக்காரிக்குச் சத்தியில அவங்கம்மாவைப் பாக்கப் போகோணும், முதல் பஸ்ஸுக்கு நேரமாச்சு. ஹேண்டில் பார்ல ரெண்டு பக்கமும் பால் கேனு, பின்னாடி கேரியர்ல அவ. நாலு நாளைக்கு முந்தியே டைனமோ பல்பு பியூஸ் போயிருந்துச்சு. பத்து ரூவா சாமான். டவுனுக்குப் போகும்போது வாங்கிக்கலாம்னு நான்தான் விட்டிருந்தேன். வாசல்லயே கேட்டா, "ஏனுங்க, லைட்டு எரியல போலிருக்குதே?" நான் சொன்னேன், "தெரிஞ்ச ரோடுதான புள்ள, உக்காரு."

தெரிஞ்ச ரோடுதான். அந்த வளைவுல ஒரு கரும்பு டிரெய்லர் அச்சு முறிஞ்சு நின்னது மட்டும் தெரியல. பின்னாடி லைட்டு இல்ல, கல்லு வெக்கல, ரெண்டு தழையாவது ஒடிச்சுப் போட்டிருக்கலாம், அதுவும் இல்ல. டிரைவர் ஆளைக் கூட்டிட்டு வரப் போயிட்டாராம். கரும்பு சோகை மூஞ்சில பட்டப்பறம்தான் எனக்கு வண்டின்னே தெரிஞ்சுது. எனக்கு நெத்தியில நாலு தையல். அவ இடது கையை ஊனி விழுந்துட்டா, மணிக்கட்டு ரெண்டு எடத்துல முறிஞ்சு போச்சு. ஆபரேசன் பண்ணி பிளேட் வெச்சாங்க. ஒரு கன்னுக்குட்டியை வித்தோம்.

கை கூடிருச்சு, ஆனா முழுசா திரும்பாது, பிடிக்கற பலமும் போயிருச்சு. பதினெட்டு வயசுல இருந்து பால் கறந்தவ. அதுக்கப்பறம் நான் கறக்க உக்காந்தேன். என் கை புதுசுங்கறதால செவலை மாடு ஒரு மாசம் பாலை எக்கிக்கிட்டு விடவே மாட்டேன்னுச்சு. அவ மாட்டோட தலமாட்டுல நின்னு கழுத்தைத் தடவிக் குடுத்துட்டு இருந்தாத்தான் சொரக்கும். அந்த டிரைவரை நான் எத்தனையோ நாள் திட்டியிருக்கேன். அவ ஒரு நாளும் அந்த பல்பைப் பத்தி எடுக்கல. நானும் எடுக்கல.

செரி, பாதைக்கு வருவோம். கோபியில இருந்து கொடிவேரி ரோட்டுல போனா 15 கிலோமீட்டர் சொச்சம். வாய்க்கால் கரையில போனா வளைஞ்சு வளைஞ்சு கூடுதலா வரும். தண்ணி ஓடற காலத்துல கரையோட தண்ணிப் பக்கம் ஓட்டாதீங்க. மாடு எதிர்ல வந்தா எறங்கி நின்னுருங்க, அதுக்கு வழி தெரியும், நமக்குத்தான் தெரியாது. காங்கிரீட் போட்ட எடத்துல பாசி இருக்கும், சரிவுல காலை வெச்சா ஏற முடியாது. மழை பேஞ்ச மறுநாள் களிமண்ணு மட்கார்டுக்குள்ள அடைச்சுச் சக்கரம் சுத்தாம நிக்கும். ஒரு குச்சியைக் கேரியர்ல சொருகி வெச்சுக்கோங்க, இல்லீன்னா தோள்ல தூக்கிட்டுத்தான் வரோணும்.

நெருஞ்சி இருக்கற எடம் புல்லுத் தரை. வேலி ஓரம் போனா சீமைக்கருவேல முள்ளு. ரெண்டுக்கும் நடுவுல வண்டித் தடம் போகுதில்ல, அந்தத் தடத்தை விட்டு எறங்காதீங்க. சைக்கிளைத் தள்ளிட்டு நடக்கும்போது வரப்புப் புல்லுக்குள்ள கால் வெக்காதீங்க, கண்ணாடி விரியன் இருக்கற ஊரு இது. முக்கியமா வெளிச்சம் வந்தப்பறம் கெளம்புங்க. சூரியன் கெளம்புறதைப் போட்டோ எடுக்கோணும்னு நாலரை மணிக்கு வராதீங்க. எட்டு மணிக்கு மேல பனி வெலகும், அப்பவும் வயல் அதே அழகுதான். ஞாயித்துக்கிழமை கொடிவேரியில குளிக்க வர்ற கூட்டம் அதிகம், வேற நாளு வாங்க. பாரியூர் குண்டம் நடக்கற சமயத்துல ரோடு பூராவும் ஜனமா இருக்கும், அப்ப சைக்கிளே வேண்டாம்.

இந்தக் கரும்பு வெட்டுக் காலம் முடியற வரைக்கும் தார் ரோட்டுல போறவங்க சிவப்பு லைட்டு பின்னாடி கட்டிக்கோங்க. அந்தத் தம்பி கெளம்பும்போது தன்னோடதைக் கழட்டி என் மட்கார்டுல மாட்டி விட்டுட்டார். வேண்டாம்னேன், கேக்கல. வீட்டுக்கு வந்து காட்டினேன். அவ அமுக்கிப் பாத்துட்டு, "இது பின்னாடிக்குத்தான?"ன்னா.

இப்பவும் காலையில நான் கேனை மாட்டறதுக்குள்ள அவ வாசலுக்கு வந்துருவா. ஸ்டாண்டு போட்டு நிக்கற சைக்கிள்ல டைனமோவைத் தட்டி விட்டு, வலது கையால பெடலை ரெண்டு சுத்து சுத்துவா. முன்னாடி செவுத்துல வெளிச்சம் விழும்.

"செரி, போயிட்டு வாங்க"ம்பா.