டெல்லும் ஹைடியும் கிளாரஸ்காரர்கள் அல்லர்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத் தலைநகரான மாடிசனிலிருந்து தென்மேற்கு நோக்கிச் சுமார் 40 கிலோமீட்டர் செல்லும் பயணி, சமவெளி மெல்ல மடிந்து குன்றும் பள்ளமுமாக மாறுவதைக் காண்கிறார். வட அமெரிக்காவின் வடபகுதியைப் பனியுகத்தில் மூடியிருந்த பனிப்படலம் இந்த நிலப்பரப்பை மட்டும் தொடாமல் இருபுறமும் விலகிச் சென்றதாகப் புவியியலாளர் கூறுகின்றனர். பனிப்பாறை தேய்த்துச் சமன்செய்யாததால் இங்கே குன்றுகள் குன்றுகளாகவே நின்றுவிட்டன. அவற்றுக்கிடையே, சிறிய சுகர் ஆற்றின் பள்ளத்தாக்கில், இரண்டாயிரத்துச் சொச்சம் மக்கள் வாழும் நியூ கிளாரஸ் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. இதன் தாயூரான சுவிட்சர்லாந்தின் கிளாரஸோ, பனியாறுகளே குடைந்தெடுத்த ஆழமான பள்ளத்தாக்கில், 2,914 மீட்டர் உயர்ந்த கிளார்னிஷ் மலையின் காலடியில், குளிர்காலத்து வெயிலைக்கூட அளந்து பெறும் இடத்தில் கிடக்கிறது. பனி செதுக்கிய மண்ணிலிருந்து புறப்பட்டவர்கள் பனி தீண்டாத மண்ணில் குடியேறி, இரண்டும் ஒரே மாதிரி இருப்பதாகத் தங்களைத் தேற்றிக்கொண்டனர் போலும்.

ஊருக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது சுவிட்சர்லாந்து என்ற சொல்லைக் கேட்டவுடன் உலகமே கற்பனை செய்யும் காட்சிதான். அகன்று தாழ்ந்த கூரையும் செதுக்கிய மரப்பலகணியும் கொண்ட வீடுகள், சன்னல்தோறும் செம்பூத்தொட்டிகள், தெருவோரத்தில் வண்ணம் தீட்டிய பசுச்சிலைகள், கம்பந்தோறும் மாகாணக் கொடிகள் என எதற்கும் குறைவில்லை. சுவிஸ் கூட்டாட்சியின் உறுப்பு மாகாணம் ஒவ்வொன்றும் ‘காண்டன்’ எனப்படும். சிவப்புப் பின்புலத்தில் புனித ஃப்ரிடோலின் நிற்கும் கொடி கிளாரஸ் காண்டனுக்குரியது. ஆனால் அந்தக் கொடியையும் ஊர்ப்பெயரையும் நீக்கிவிட்டால், முதன்மைத் தெருவில் காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பவற்றுள் கிளாரஸுக்கே உரியது மிகக் குறைவு. மரவீட்டுப் பாணி பெரிதும் பெர்ன் மலைநாட்டைச் சேர்ந்தது. ஆண்டுதோறும் நாடகமாக நடிக்கப்படும் வில்லியம் டெல், பக்கத்து ஊரி காண்டனின் கதைநாயகன். கோடையில் விழா எடுக்கப்படும் ஹைடி, யோஹன்னா ஸ்பீரி எழுதிய புதினத்தில் கிராபுண்டன் காண்டனின் மலைகளில் வளரும் சிறுமி. இந்த வட்டாரத்துக்குப் பெயர் வாங்கித் தந்த லிம்பர்கர் பாலாடைக்கட்டி சுவிட்சர்லாந்துடையதே அன்று. பெல்ஜியமும் நெதர்லாந்தும் ஜெர்மனியும் சந்திக்கும் பழைய லிம்பர்க் நாட்டின் சரக்கு அது. கிளாரஸிலிருந்து உண்மையில் கப்பலேறி வந்த மரபு வேறு. அதைக் காண 1840-களின் கிளாரஸுக்குத் திரும்பிச் செல்ல வேண்டும்.

1352-இல் சுவிஸ் கூட்டணியில் சேர்ந்த கிளாரஸ், பதினெட்டாம் நூற்றாண்டில் மாடு மேய்த்துப் பிழைக்கும் மலைநாடு என்ற நிலையிலிருந்து மாறி, வீட்டுக்கு வீடு பருத்தி நூற்கும் நாடாகியது. பிறகு துணியில் வண்ண அச்சு பதிக்கும் தொழிலிலும் இறங்கியது. இந்தத் தொழிலின் வேர் தமிழ் வாசகருக்கு அந்நியமன்று. சோழமண்டலக் கரையிலிருந்தும் இந்தியாவின் பிற துறைமுகங்களிலிருந்தும் பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பா சென்ற சாயம்போகாத பூத்துணிகளுக்கு அங்கே ‘இந்தியத் துணி’ என்ற பொருளிலேயே பெயர் வழங்கியது. பிரான்ஸ் தன் நெசவாளரைக் காக்க 1686-இல் அவற்றைத் தடைசெய்தது. தடை 1759 வரை நீடித்தது. அந்த இடைவெளியில், பிரான்சிலிருந்து வெளியேறிய புரொட்டஸ்டன்ட் கைவினைஞர்களின் துணையோடு, சுவிஸ் நகரங்கள் அந்தத் துணிகளைப் போலச் செய்யக் கற்றுக்கொண்டன. கிளாரஸின் அடையாளமாக இன்றும் விற்கப்படும் சிவப்புக் கைக்குட்டையில் அச்சாகியிருப்பது, காஞ்சிப் பட்டின் கரையில் ‘மாங்காய்’ என்று நாம் சொல்லும் அதே வளைந்த உருவம் என்பதை அறியும்போது, ஓர் ஊரின் ‘தனி’ மரபு என்பது எவ்வளவு தொலைவிலிருந்தெல்லாம் வந்து சேர்கிறது என்பது விளங்கும்.

இயந்திரங்கள் வந்து கையால் நூற்போரின் பிழைப்பைப் பறித்ததும், 1840-களில் உருளைக்கிழங்கைத் தாக்கிய நோய் உணவையும் பறித்ததும், குறுகிய பள்ளத்தாக்கில் மக்கள்தொகை பெருகியதும் சேர்ந்து கிளாரஸை நெருக்கின. இங்கேதான் சுவிட்சர்லாந்துக்கே உரிய ஒரு சட்ட ஏற்பாடு முன்னுக்கு வருகிறது. சுவிஸ் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் ‘பூர்வீக ஊர்’ ஒன்று உண்டு. அது பிறந்த ஊராக இருக்க வேண்டியதில்லை. மூதாதையர் உரிமை பெற்றிருந்த ஊராட்சி எதுவோ அதுவே பூர்வீக ஊர். சுவிஸ் கடவுச்சீட்டு இன்றும் பிறந்த ஊருக்குப் பதிலாக இதையே குறிக்கிறது. கிளாரஸில் இத்தகைய உரிமைக்குடிகளின் அமைப்புக்குத் ‘தாக்வென்’ என்று பெயர் இருந்தது. ‘ஒரு நாள் வேலை’ என்ற பொருளிலிருந்து பிறந்த சொல் அது. பொது மேய்ச்சல் நிலத்திலும் காட்டிலும் உரிமைக்குடிகளுக்குப் பங்கு தருவது இந்த அமைப்பின் கடமையாக இருந்தது. அவர்கள் வறுமையில் விழுந்தால் தாங்குவதும் அதன் கடமையாகவே இருந்தது. ஆகவே ஏழை ஒருவர் ஊரைவிட்டுப் போவது அவருடைய சொந்த முடிவாக மட்டும் இருக்கவில்லை. ஊரின் வரவு செலவுக் கணக்கிலும் அது ஒரு வரி.

அந்தக் கணக்கைச் சில ஊர்கள் கொடூரமாகவே போட்டன. ஆர்காவ் காண்டனின் ரோத்ரிஸ்ட் ஊர் 1855-இல் தன் ஏழைகள் 305 பேரை ஒரே மூச்சில் அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்தது. பிரேசிலின் காப்பித் தோட்டங்களுக்குப் போன சுவிஸ் குடும்பங்கள் பயணக் கடனைத் தீர்க்க முடியாமல் சிக்கிக்கொண்டு, 1856-இல் இபிகாபா தோட்டத்தில் தோமாஸ் தாவாட்ஸ் என்ற பள்ளி ஆசிரியரின் தலைமையில் எழுச்சி செய்யுமளவுக்கு நிலைமை முற்றியது. கிளாரஸும் தன் சுமையைக் குறைக்கவே ஆளனுப்பியது. ஆனால் அது அனுப்பிய முறை வேறு. ஊராட்சிகளின் பிரதிநிதிகள் கூடி 1844-இல் ஒரு குடிப்பெயர்ச்சிச் சங்கத்தை அமைத்தனர். மக்களை அனுப்புமுன் நிலம் தேட நிக்கோலாஸ் டூர்ஸ்ட், ஃப்ரிடோலின் ஸ்டிரைஃப் என்னும் இருவரை 1845 மார்ச்சில் அனுப்பினர். அவர்கள் அமெரிக்காவின் பல மாநிலங்களைச் சுற்றிப் பார்த்தபின், அன்று இன்னும் மாநிலமாகாத விஸ்கான்சினில் 1,280 ஏக்கரை, ஏக்கர் ஒன்றே கால் டாலர் என்ற அரசு விலைக்கு வாங்கினர். அந்த மண் காலியாகக் கிடந்த மண்ணன்று. ஹோ-சங்க் எனப்படும் பழங்குடியினர் இப்பகுதியை 1829, 1832 ஆண்டுகளின் ஒப்பந்தங்களின் வழியாக இழந்து முறையே பதினாறு, பதின்மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. ஊரின் விழாக்களில் இந்த முன்கதைக்குக் கிடைக்கும் இடம் சிறிது.

நிலம் தேடிச் சென்றவர்களிடமிருந்து உறுதியான செய்தி வருவதற்கு முன்பே, 1845 ஏப்ரல் 16 அன்று, 193 பேர் லிந்த் கால்வாய்க் கரையிலிருந்து படகேறினர். சூரிச் ஏரி, ரைன் ஆறு, ஹாலந்துக் கடற்கரை, பிறகு 49 நாள் அட்லாண்டிக் பயணம், பால்டிமோர், கால்வாய்ப் படகில் பிட்ஸ்பர்க், ஒஹையோ ஆற்றில் செயின்ட் லூயிஸ், மிசிசிப்பியில் எதிரோட்டமாகக் கலீனா என்னும் ஈயச்சுரங்க நகர், அங்கிருந்து நடைப்பயணம்: இதுவே அவர்கள் வந்த வழி. உடன்வந்த மத்தியாஸ் டூர்ஸ்ட் எழுதிவைத்த நாட்குறிப்பு பின்னர் ஆங்கிலத்தில் அச்சாகி, இப்பயணத்தின் முதன்மைச் சான்றாக நிற்கிறது. ஆகஸ்ட் நடுவில் சுகர் ஆற்றங்கரையை அடைந்தவர் 108 பேர். மற்றவர்களுள் சிலர் வழியில் இறந்தனர். சிலர் வேலை கிடைத்த ஊர்களில் தங்கிவிட்டனர்.

வந்தவர்கள் செய்த முதற்காரியங்களுள் ஒன்று, நிலத்தை இருபது இருபது ஏக்கராகப் பிரித்து, யாருக்கு எந்தத் துண்டு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தது. கிளாரஸின் மெய்யான மரபைத் தேடுவோர் நின்று கவனிக்க வேண்டிய இடம் இது. அந்தக் காண்டனில் சீட்டுக் குலுக்கல் விளையாட்டன்று. பணக்காரக் குடும்பங்கள் வாக்குகளை விலைக்கு வாங்குவதைத் தடுக்கப் பதினேழாம் நூற்றாண்டிலிருந்து அரசுப் பதவிகளையே குலுக்கலில் நிரப்பிய நாடு அது. அந்த வழக்கம் 1837 வரை நீடித்தது. எட்டே ஆண்டுகள் கழித்துக் குடியேறியவர்களுள் வயது வந்தோர் அனைவரும் அதை நேரில் அறிந்திருப்பர். ஆற்றோர நிலமும் குன்றோர நிலமும் சமமல்ல என்பதை அறிந்தும், பெற்ற சீட்டை ஏற்றுக்கொள்ளும் மனப்பழக்கத்தை அவர்கள் பெட்டியில் கட்டாமலே கொண்டுவந்தனர்.

புறப்பட்டபோது அவர்கள் இன்றைய பொருளில் ‘சுவிஸ்’காரர்களாகவும் இல்லை. காண்டன்களுக்கிடையே 1847-இல் நடந்த குறுகிய உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1848-இல்தான் சுவிட்சர்லாந்து ஒரே கூட்டாட்சி நாடாயிற்று. விஸ்கான்சின் மாநிலமானதும் அதே 1848-இல்தான். அதாவது, அவர்கள் விட்டுவந்த நாடும் சேர்ந்த மாநிலமும் அவர்கள் குடியேறிய பின்னரே இன்றைய வடிவம் பெற்றன. ஆகஸ்ட் முதல் நாளைத் தேசிய நாளாகச் சுவிட்சர்லாந்து முதன்முதலில் கொண்டாடியதே 1891-இல்தான். அதையொட்டி ஆகஸ்டில் நியூ கிளாரஸ் நடத்தும் மக்கள் விழா, முதற்குடியேறிகள் தம் ஊரில் ஒருநாளும் கண்டிராத விழா. கிளாரஸ்காரர்களாக வந்தவர்கள், பெர்ன்காரரும் பிற காண்டன்காரரும் பக்கத்தில் வந்து குடியேற, அமெரிக்காவில்தான் சுவிஸ்காரர்களானார்கள்.

பிழைப்புத் தேடலும் நேர்வழியில் செல்லவில்லை. அண்டையார் செய்ததைப் பார்த்துக் கோதுமை விதைத்தனர். சில ஆண்டுகளில் மண் களைத்தது, பூச்சி விழுந்தது, விலை சரிந்தது. 1860-களின் இறுதியில் கறவைக்குத் திரும்பினர். நிக்கோலாஸ் கெர்பர் 1868-இல் இவ்வட்டாரத்தில் லிம்பர்கர் பாலாடைக்கட்டி ஆலை ஒன்றைத் தொடங்கினார். மூக்கைப் பொத்தவைக்கும் வாடை கொண்ட அந்தச் சரக்குக்கு ஜெர்மன் பேசும் நகரத் தொழிலாளரிடையே நல்ல விலை இருந்தது. அதனால் அது தாய்நாட்டுச் சரக்கா என்று யாரும் கேட்கவில்லை. அருகிலுள்ள மன்ரோ நகரின் கூட்டுறவு ஆலை ஒன்று, அமெரிக்காவில் லிம்பர்கர் செய்யும் ஒரே ஆலையாக நெடுங்காலம் நிலைத்திருக்கிறது. இதற்கு மாறாக, கிளாரஸின் சொந்தப் பாலாடைக்கட்டியான ‘ஷாப்சிகர்’ இங்கே வேரூன்றவில்லை. கொழுப்பெடுத்த பாலைத் திரித்து, வெந்தயத்தின் நெருங்கிய உறவான நீலப்பூச் செடியின் இலைப்பொடியைச் சேர்த்துச் செய்யும் பச்சை நிறக் கட்டி அது. அதைச் செய்வோர் தம் முத்திரையைக் கட்டாயம் பதிக்க வேண்டும் என்று 1463-இலேயே காண்டன் விதித்திருந்தது. அந்த முத்திரைப் பெருமை கடலைத் தாண்டவில்லை. சந்தைக்கு ஏற்றதைச் செய்யும் சாமர்த்தியம் தாண்டியது.

அந்தச் சாமர்த்தியமே தெருவின் இன்றைய தோற்றத்துக்கும் காரணம். இல்லினாயின் ஹைலண்ட் என்ற மற்றொரு சுவிஸ் குடியேற்றத்தில் 1885-இல் பிறந்த பால் சுண்டவைக்கும் நிறுவனம், 1910-இல் நியூ கிளாரஸில் ஆலை அமைத்து ஊருக்குச் சம்பளம் தந்துவந்தது. 1962-இல் ஆலை மூடப்பட்டபோது, ஊரார் தம்மிடம் எஞ்சியிருந்த விற்பனைப் பொருள் தம் பெயரே என்பதைக் கண்டுகொண்டனர். அதன்பின்னரே கடைகளின் முகப்புகள் வேகமாக மலைநாட்டு மரவீடுகளாக மாறின. ஹைடி விழா 1965-இல் தொடங்கியது. இதை வேடம் என்று ஏளனம் செய்வது எளிது; அது நியாயமுமன்று. டெல் நாடகம் 1938-இலிருந்து ஊர் மக்களாலேயே, ஊருக்கு வெளியே மரங்கள் சூழ்ந்த வெளியில், ஜெர்மன் நாடகாசிரியர் ஷில்லரின் நூலைத் தழுவி நடிக்கப்பட்டு வருகிறது. தாத்தா நடித்த வேடத்தைப் பேரன் நடிக்கும்போது, கதை ஊரியுடையதாயினும் வழக்கம் நியூ கிளாரஸுடையதாகிவிடுகிறது. குறை எங்கே என்றால், சுற்றுலாப் பயணி டெல்லை மட்டும் பார்த்துவிட்டு, சீட்டுக் குலுக்கிய வயலைப் பார்க்காமல் திரும்புவதில்தான்.

தாயூரில் மரபு இத்தனை அலங்காரத்தை நாடவில்லை. கிளாரஸ் நகரின் பெரும்பகுதி 1861 மே மாதத் தீயில் அழிந்து, நேர்கோட்டுத் தெருக்களோடு புதிதாகக் கட்டப்பட்டது. அங்கே போய் நியூ கிளாரஸின் மரவீடுகளைத் தேடுபவர் ஏமாறுவார். ஆனால் மே மாதத்தின் முதல் ஞாயிறன்று குடிமக்கள் திறந்தவெளித் திடலில் கூடி, வாக்குச் சீட்டை உயர்த்திக் காட்டிச் சட்டங்களை ஏற்கவும் தள்ளவும் செய்யும் ‘லாண்ட்ஸ்கெமைண்டே’ என்னும் மக்கள் மன்றம் அங்கே இன்றும் கூடுகிறது. இருபத்தைந்து ஊராட்சிகளை மூன்றாகச் சுருக்க 2006-இல் முடிவெடுத்ததும், 2007-இல் வாக்குரிமை வயதைப் பதினாறாகக் குறைத்ததும் இந்தத் திடல்தான். அந்நகரின் காண்டன் ஆவணக் காப்பகத்தில், குப்லி-முல்லர் என்பவர் கையாலேயே எழுதித் தொகுத்த கிளாரஸ் குடும்பங்களின் வம்சாவளித் தொகுதிகள் முப்பதுக்கும் மேற்பட்டவை உள்ளன; கடல்கடந்து போன கிளைகளின் வழித்தோன்றல்கள் தம் வேரைத் தேடித் திறப்பது அந்தத் தாள்களையே.

விஸ்கான்சினுக்குச் செல்லும் வாசகர், முதன்மைத் தெருவில் தின்பண்டக் கடைகளை நோக்கித் திரும்புமுன், குன்றின்மேலுள்ள சுவிஸ் வரலாற்றுக் கிராமம் என்னும் அருங்காட்சியகத்துக்கு ஏறுவது நல்லது. 1942-இல் தொடங்கிய அதில் மரத்தடிகளால் ஆன தேவாலயம், பள்ளிக்கூடம், பாலாடைக்கட்டி ஆலை, கொல்லர் பட்டறை, அச்சகம் முதலிய பதினான்கு கட்டடங்கள் உள்ளன. குளிர்காலத்தில் அது மூடியிருக்கும்.