தீபாவளிச் சீட்டும் ஒரு போர்டு கேமும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டியதும், ‘மாணவர் சக்தி’, ‘நாளைய பாரதம்’ என்று ஏதாவது எழுதலாம் என்றுதான் நானும் பேனாவை எடுத்தேன். பிறகு யோசித்தேன். அதையெல்லாம் எழுத நம் கல்லூரியில் பேச்சுப் போட்டி வீரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது அச்சுத் தொழில் ஒன்றுதான். அதோடு, 2025 பொங்கல் சமயத்தில் ஐந்து பேருடைய பணத்தை வைத்துக்கொண்டு நான் சரியாகத் தூங்காமல் கிடந்த மூன்று வாரம். அதையே எழுதுகிறேன்.

ஹாஸ்டலில் எங்கள் ரூமில் போர்டு கேம் பைத்தியம் பிடித்தது மழையால்தான். ஞாயிற்றுக்கிழமை, கிரவுண்டில் முழங்கால் தண்ணீர், கேரம் போர்டுக்கு ஸ்டிரைக்கர் இல்லை. பக்கத்து ரூம் சீனியர் அண்ணன் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். சீட்டு, அட்டை வில்லை, மர மணி எல்லாம் இருந்தது. அன்று ராத்திரி மெஸ் மூடியதுகூடத் தெரியாமல் விளையாடினோம். அதற்குப் பிறகு நாங்கள் ஐந்து பேரும் தேறவில்லை!

அப்புறம்தான் கிரவுட் ஃபண்டிங் என்ற சமாசாரம் தெரிந்தது. ஒருவர் புதிதாக ஒரு கேம் கண்டுபிடிக்கிறார். அச்சடிக்கப் பணமில்லை. இணையத்தில் படம், வீடியோ போட்டு, ‘இவ்வளவு டாலர் சேர்ந்தால் அச்சடித்து அனுப்புகிறேன்’ என்கிறார். நாம் முன்பணம் கட்டுகிறோம். இதற்குப் பெரிய மேடை 2009இல் அமெரிக்காவில் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டர். அங்கே, கேட்ட தொகை சேராவிட்டால் யாரிடமும் பணம் எடுக்கமாட்டார்கள். சேர்ந்துவிட்டால் கம்பெனி 5 சதவீதம் எடுத்துக்கொண்டு மீதியைத் தயாரிப்பவரிடம் கொடுத்துவிடும். அதற்குப் பிறகு பொருள் வருவது அவர் பொறுப்பு. கிக்ஸ்டார்ட்டரே 2012இல் ‘நாங்கள் கடை அல்ல’ என்று பகிரங்கமாக எழுதியது.

ஆளுக்கு 700 ரூபாய், மொத்தம் 3,500 சேர்த்தோம். ரூம்மேட் ஒருவனுடைய அண்ணன் சென்னையில் வேலை பார்க்கிறார். அவர் கார்டில் கட்டலாம் என்று ஏற்பாடு. எதில் கட்டுவது என்று முடிவு செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. ‘நீதானேடா பிரிண்டிங், உனக்குத்தான் தெரியும்’ என்றார்கள். எங்களில் ஒருவன் சனி, ஞாயிறு கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போகிறவன். அவன் கொடுத்த ஏழு நூறு ரூபாய் நோட்டிலும் சாம்பார் வாசனை வீசியது. மற்ற நாலு பேர் பணத்தைவிட அந்தப் பணம்தான் என்னை மிரட்டியது.

முதலில் நான் மயங்கியது ஒரு பிரம்மாண்டமான கேமில். நூற்றுக்கும் மேலே பிளாஸ்டிக் பொம்மைகள்! அசுரன், வீரன், எலும்புக்கூடு என்று வீடியோவில் சுழன்று சுழன்று வந்தன. ‘இன்னும் 9 நாள்தான்’ என்று ஒரு கடிகாரம் வேறு ஓடிக்கொண்டிருந்தது. அது எங்கள் 3,500க்கு எட்டாது. இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டாவது கட்டிவிடலாம் என்று முடிவு செய்தே பொங்கல் லீவுக்குச் சிவகாசிக்கு பஸ் ஏறினேன்.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அப்பா லோடு ஏற்றுகிறார். அம்மா அச்சாபீஸில் பைண்டிங் செக்‌ஷன். பஞ்சிங் ஆகி வரும் அட்டையில் வேஸ்ட்டை உடைத்தெடுத்து, எண்ணி, கட்டுப் போடும் வேலை. இருபது வருஷமாகச் செய்கிறாள். கையெழுத்து மட்டும் போடத் தெரியும். போனில் அந்த வீடியோவைப் பெருமையாகக் காட்டினேன். முழுக்கப் பார்த்துவிட்டு அம்மா கேட்டாள்:

“ஏய்யா, இது தீபாவளிச் சீட்டுல்ல?”

எனக்குச் சுருக்கென்றது. நண்பர்களே, தீபாவளிச் சீட்டு உங்களுக்கும் தெரிந்திருக்கும். வாரா வாரம் கட்டினால் தீபாவளிக்குப் பாத்திரம், பலகாரம், பட்டாசு எல்லாம் வரும். நான் ஏழாவது படிக்கும்போது அம்மா வாரம் 100 ரூபாய் வீதம் 48 வாரம் கட்டினாள். தீபாவளிக்கு முந்தின வாரம் சீட்டுப் பிடித்தவர் வீடு பூட்டிக் கிடந்தது. அந்தத் தீபாவளிக்கு எனக்குப் பழைய யூனிஃபார்ம் சட்டைதான் புதுச் சட்டை. அம்மா அன்றைக்கு அழவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து 48 வாரக் கணக்கு எழுதிய அட்டையைச் சின்னச் சின்னதாகக் கிழித்தாள். அது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

“கட்டக் கூடாதுன்னு சொல்லல. எல்லாச் சீட்டும் ஏமாத்துறது இல்ல. நான்தான் ஒண்ணும் கேக்காமக் கட்டிட்டேன். நீ கேட்டுட்டுக் கட்டு,” என்றாள். அடுப்பில் வேலையாக இருந்தபடியே நாலு கேள்வி சொன்னாள். நான் பின்னால் லேப் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டது இதுதான்.

முதல் கேள்வி: “இதுக்கு முன்னாடி யாருக்காவது ஒழுங்காக் குடுத்திருக்கானா?”

தேடிப் பார்த்தேன். ஐசக் சைல்ட்ரஸ் என்பவர் குளூம்ஹேவன் என்ற பெரிய கேமுக்கு 2015இல் பணம் கேட்டபோது கிட்டத்தட்ட 3 லட்சத்து 86 ஆயிரம் டாலர் கிடைத்தது. சொன்ன பொருளைக் கொடுத்துக் காட்டினார். 2017இல் இரண்டாம் அச்சுக்குக் கேட்டபோது கிட்டத்தட்ட 40 லட்சம் டாலர்! கொடுத்தவனை நம்பி மறுபடி கட்டுகிறார்கள்.

இதற்கு நேர் எதிர்க் கதையும் உண்டு. ‘தி டூம் தட் கேம் டு அட்லாண்டிக் சிட்டி’ என்ற கேமுக்கு 2012இல் 35,000 டாலர் கேட்டார்கள். 1,22,000க்கு மேல் சேர்ந்தது. 2013 ஜூலையில் ‘கேம் வராது’ என்று அறிவிப்பு. 2015இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. கிரவுட் ஃபண்டிங் விஷயத்தில் அந்த ஆணையம் எடுத்த முதல் நடவடிக்கை அது. வசூலான பணத்தை நடத்தியவர் வீட்டு வாடகைக்கும் சொந்தச் செலவுக்கும் போட்டார் என்பது குற்றச்சாட்டு. 1,11,000 டாலருக்கு மேல் கட்டச் சொல்லி உத்தரவு வந்தும், அவரிடம் பணமில்லாததால் அது நிறுத்தி வைக்கப்பட்டது. கிரிப்டோசோயிக் என்ற வேறு கம்பெனி முன்வந்து அதே கேமை அச்சடித்து, பணம் கட்டியவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. எங்கள் தெருவில் அப்படி ஒருவரும் முன்வரவில்லை!

இரண்டாவது: “சாமானக் கண்ணுல பாத்தியா, படத்தத்தான் பாத்தியா?”

கம்ப்யூட்டரில் வரைந்த படம் வேறு, கையில் பிடிக்கும் மாதிரி வேறு. நான் மயங்கிய வீடியோவில் சுழன்றது அத்தனையும் கம்ப்யூட்டர் படம். விளையாட்டு விதிகள் ‘விரைவில் வெளியாகும்’ என்று போட்டிருந்தது. விதியே எழுதி முடிக்காத விளையாட்டுக்கு நான் பணம் கட்டப் போயிருக்கிறேன்! இன்னொன்று, புகழ்ந்து பேசும் வீடியோக்காரர்களில் சிலர் காசு வாங்கிக்கொண்டு பேசுகிறவர்கள். அப்படியானால் பெரும்பாலும் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். அதைத் தேடிப் படிக்க வேண்டும்.

மூன்றாவது: “எம்புட்டு ஆகும்னு அவனுக்குக் கணக்குத் தெரியுமா?”

இங்கேதான் அம்மா எனக்கு வாத்தியார் ஆனாள். “நூறு சாமான ஒரு பெட்டிக்குள்ள வைக்கணும்னா எத்தன கை வேணும் தெரியுமா? ஒண்ணு குறைஞ்சாலும் பெட்டி திரும்பி வரும்யா,” என்றாள். எஸ்டிமேட்டிங் அண்ட் காஸ்டிங் பேப்பரில் நான் எழுதிய பதில்கள் அப்போதுதான் எனக்கே புரிந்தன.

சாதாரணமாக ஒரு ஷீட்டில் 54 அல்லது 55 சீட்டு அடங்கும். ‘இவ்வளவு பணம் சேர்ந்தால் இன்னும் 10 சீட்டு இலவசம்’ என்று ஒருவர் ஆசை காட்டினால், அந்த 10 சீட்டுக்காகப் புது ஷீட், புது பிளேட், புது மேக்-ரெடி. பிளாஸ்டிக் பொம்மை என்றால் ஒவ்வொன்றுக்கும் அச்சு வெட்ட வேண்டும். எஃகு அச்சின் விலை ஆயிரக்கணக்கான டாலர். அப்புறம் கப்பல் கூலி. 2021இல் கொரோனாவால் சீனாவிலிருந்து கன்டெய்னர் கூலி பல மடங்கு ஏறியபோது, முன்பணம் வாங்கியிருந்த பல கேம் கம்பெனிகள் திண்டாடின. சில கம்பெனிகள் மேலும் பணம் கேட்டன. ஆக, சாமான் குறையக் குறைய ஆபத்தும் குறையும். 2015இல் எக்ஸ்ப்ளோடிங் கிட்டன்ஸ் என்ற சீட்டு விளையாட்டு 10,000 டாலர் கேட்டு, 2 லட்சத்து 19 ஆயிரம் பேரிடமிருந்து 87 லட்சம் டாலருக்கு மேல் வசூலித்தது. அவ்வளவு கூட்டத்துக்கும் அதே வருஷத்தில் பெட்டிகளை அனுப்ப முடிந்தது. பெட்டிக்குள் இருந்தது வெறும் சீட்டுதானே!

நாலாவது: “பிந்திச்சுன்னா வாயத் திறந்து சொல்லுவானா, போன எடுக்காம இருப்பானா?”

பிந்துவது சகஜம். பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஈதன் மாலிக் 2014இல் வெளியிட்ட ஆய்வில், நான்கில் மூன்று பங்குக்கும் மேலான பொருள்கள் சொன்ன தேதிக்குப் பிந்தித்தான் வந்திருந்தன. 2015இல் கிக்ஸ்டார்ட்டர் பற்றி அவர் செய்த இன்னொரு ஆய்வில், சொன்னதைக் கொடுக்காமலே போனவை சுமார் 9 சதவீதம். அதனால் பிந்துமா என்பதைவிட, பிந்தினால் காரணம் சொல்வாரா என்றுதான் பார்க்க வேண்டும். அதற்கு ஒருவருடைய பழைய கேமின் பக்கத்தில் அவர் போட்ட அப்டேட்டுகளைத் தேதி வாரியாகப் படித்தாலே போதும், ஆளைப் பற்றித் தெரிந்துவிடும்.

லீவு முடிந்து ஹாஸ்டலுக்கு வந்து கணக்கை விரித்தேன். பொம்மைக் கேம் நாலு கேள்வியிலும் அவுட். ரூமில் ஒரே சண்டை. “அம்மா பேச்சைக் கேட்டுட்டு வந்துட்டான்டா,” என்று கிண்டல். ஆமாம், கேட்டுக்கொண்டுதான் வந்தேன்!

மாற்றாக நான் காட்டியது 54 சீட்டு மட்டும் உள்ள ஒரு சின்ன கேம். அதைச் செய்தவர் ஏற்கெனவே இரண்டு கேம் கொடுத்திருக்கிறார். ஒன்று மூன்று மாதம் பிந்தியிருக்கிறது, மாதாமாதம் காரணமும் எழுதியிருக்கிறார். முக்கியமாக, நாமே அச்சடித்து விளையாடிப் பார்க்க ஃபைல் இலவசமாகப் போட்டிருந்தார். டிஜிட்டல் பிரிண்ட் கடையில் 300 ஜிஎஸ்எம் அட்டையில் மூன்று ஷீட் எடுத்தோம். 120 ரூபாய். லேப் அண்ணனிடம் கெஞ்சி கட்டிங் மெஷினில் வெட்டினோம். மூன்று ராத்திரி விளையாடினோம். நாலாவது ராத்திரியும் யாரும் சொல்லாமலே சீட்டை எடுத்துப் பரப்பினார்கள். அதுதான் ஐந்தாவது கேள்விக்குப் பதில்: வந்தால் விளையாடுவோமா? அலமாரியில் வைத்து அழகு பார்க்கவா வாங்குகிறோம்?

விலையும் தபாலும் சேர்த்து 31 டாலர், நம் பணத்தில் சுமார் 2,700. மீதி 800ஐச் சுங்க வரி வந்தால் ஆகட்டும் என்று தனியாக எடுத்து வைத்தோம்.

கட்டுவதற்கு முன் பந்தி பரிமாறும் நண்பனைத் தனியாகக் கூப்பிட்டு, “உன் பங்கைத் திருப்பித் தர்றேன்டா. போனாப் போயிரும்,” என்றேன். அவனுக்கு வந்ததே கோபம்! “உன் காசு போனாப் பரவாயில்ல, என் காசு போகக் கூடாதா? நான் என்ன உங்களுக்கு விருந்தாளியா?” என்று கேட்டுவிட்டான். எனக்கு முகம் செத்துப்போனது. அவனுக்குப் பாவம் பார்க்கிறேன் என்று நினைத்து அவனைக் குறைத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். அதன் பிறகு ஐந்து பேரும் ‘போனாலும் சண்டை போட மாட்டோம்’ என்று அந்த ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டோம்.

டிசம்பரில் வரும் என்றார்கள். டிசம்பர் போய்விட்டது, கேம் இன்னும் வரவில்லை! 2025 ஏப்ரலில் அமெரிக்கா சீனப் பொருள்களுக்கு வரியை 145 சதவீதம் வரை ஏற்றியது. மே மாதம் குறைத்தது. அந்தக் குழப்பத்தில் இவருடைய அச்சு வேலையும் தள்ளிப்போனது. ஆனால் வரி ஏறிய அதே வாரத்தில், என்ன செலவு கூடும், எவ்வளவு தள்ளிப்போகும் என்று கணக்கோடு எழுதினார். இப்போது அச்சு முடிந்துவிட்டதாம், பெட்டி ஒட்டுகிறார்களாம். நான் மயங்கிய அந்தப் பொம்மைக் கேமின் பக்கத்தில் ஆகஸ்டுக்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை. கீழே பணம் கட்டியவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

நண்பர்களே, நான் ஜெயித்துவிட்டேன் என்று சொல்ல வரவில்லை. பெட்டி கைக்கு வரும்வரை நானும் வரிசையில் நிற்பவன்தான். நாளை நாம் வேலைக்குப் போவோம். கையில் நாலு காசு வரும். எத்தனையோ பேர் படம் காட்டுவார்கள், கடிகாரம் ஓடும். அப்போது கேட்க இந்தக் கேள்விகள் உதவட்டும். படித்தவன் கேட்க வேண்டிய கேள்விகளை எனக்குச் சொல்லிக் கொடுத்தது படிக்காத என் அம்மா.

போன வாரம் போனில் அம்மா கேட்டாள், “உன் சீட்டு என்னாச்சுய்யா?”

“இன்னும் வரலம்மா.”

“ஆளு பேசுறானா?”

“பேசுறாரும்மா. மாசாமாசம் எழுதுறாரு.”

“அப்பப் பொறு,” என்றாள்.

பொறுத்திருக்கிறோம். வந்ததும் சொல்கிறேன், ரூமுக்கு வாருங்கள், விளையாடலாம்.

— மூன்றாம் ஆண்டு மாணவன், அச்சுத் தொழில்நுட்பப் பிரிவு