இடது கால்

2019 ஜூலையிலிருந்து என் இடது காலுக்கு வேலை இல்லை. நடக்கிறது, படியேறுகிறது (முனகிக்கொண்டுதான்), ஆனால் காரில் உட்கார்ந்துவிட்டால் அதற்குச் செய்ய ஒன்றும் இல்லை. முழங்காலில் சவ்வு கிழிந்து, அறுவை முடிந்து, இனி கிளட்ச் மிதிப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னதன்பேரில், பல வருஷம் ஓட்டிய பழைய காரைக் கொடுத்துவிட்டு, கியர் தானாகவே மாறும் ஒரு சின்னக் காரை வாங்கினேன். இதில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு சௌகரியத்துக்கு மாறியவன் அதைப்பற்றிப் பேசினால் ஒன்று விளம்பரமாகும், அல்லது புலம்பலாகும். இரண்டும் எனக்கு உவப்பில்லை.

ஆனால் வாங்கிய மூன்றாம் நாள் ஸ்ரீரங்கம் வடக்கு உத்தர வீதியில் ஒரு காரியம் நடந்தது. காலை ஏழு மணி. பால் பாத்திரத்தோடு ஒரு பாட்டி குறுக்கே வந்தாள். பெரிய வேகமில்லை, வலது கால் நிதானமாக பிரேக்குக்குப் போயிற்று. அதே கணத்தில் இடது காலும் போயிற்று. நாற்பது வருஷமாக அது கிளட்சை ஒரே மூச்சில் அடிவரை மிதித்துப் பழகிய கால். கிளட்ச் இல்லாத வண்டியில் பிரேக் பெடல் அகலமாக இருக்கும். இடது கால் அதன் ஓரத்தைக் கண்டுபிடித்து, கிளட்ச் என்றே நினைத்து, முழு பலத்தோடு மிதித்தது. வண்டி ஆணியடித்தது போல் நின்றது. பின்னால் பூக்கூடையோடு மொபெட்டில் வந்தவர் என் பம்பரில் இடித்து விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு. கதம்பமும் துளசியும் தெருவெல்லாம். அவர் எழுந்து, கோபமில்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்: 'என்ன சார், வண்டி ஓட்டத் தெரியாதா?'

பூவுக்குப் பணம் கொடுத்தேன். மருந்துக் கடைக்கு அழைத்துப் போனேன். அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல முடியவில்லை. காரணம், நான் டிரைவர் மகன்.

அப்பா தில்லைநகரில் ஒரு டாக்டரிடம் கார் டிரைவராக இருந்தார். அடையவளைந்தான் வீதியிலிருந்து விடியற்காலையில் சைக்கிளில் கிளம்பி, காவிரியைத் தாண்டிப் போய், காரைக் கழுவித் துடைத்து, ஏழரைக்கு வாசலில் நிறுத்தவேண்டும். அம்பாசடர். அந்த நாள் அம்பாசடரில் கியர்க்கம்பி தரையிலிருந்து வராது. ஸ்டியரிங் தண்டின் இடது பக்கத்திலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். நாலு கியர். முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் கிடையாது. அதாவது, சுழலும் பல்சக்கரத்தின் வேகத்தை மற்றதற்குச் சமமாக்கி வைக்கும் ஏற்பாடு உள்ளே இல்லை. ஓடும் வண்டியில் முதல் கியரைப் போட்டால் பல் அரைபடும். அந்த ஏற்பாட்டை டிரைவரே செய்யவேண்டும். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, விட்டு, ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி மிதித்துப் போடவேண்டும். டபுள் கிளட்ச் என்பார்கள். அப்பா அதைச் செய்யும்போது பின்ஸீட்டில் இருப்பவருக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் தொழில்.

எனக்கு அவர் கற்றுக்கொடுத்தது 1979இல், டாக்டர் ஊரில் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருட்டுத்தனமாக. கோட்டை ரயில் நிலையத்தருகே இருந்த பழைய, குறுகலான மேம்பாலத்தில் பாதி ஏற்றத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். முன்னால் ஒரு மாட்டுவண்டி. பின்னால் பஸ். பின்னுக்கு உருளாமல் எடுக்கவேண்டும். மூன்று முறை ஆஃப் ஆயிற்று. பஸ்காரன் ஹாரன். அப்பா என் கையைத் தொடவில்லை. 'கியரை நீயா போடாதே. வண்டி கேக்கும். கேட்டா குடு,' என்றார். கிளட்சை மெல்ல விடுகையில் எஞ்ஜின் சத்தம் ஒரு இடத்தில் தணியும், பானெட் லேசாக எழும்பும். அதுதான் வண்டி கேட்கும் இடம். அந்த இடத்தில் காலை நிறுத்தவேண்டும். காலால் கேட்கவேண்டும் என்றுகூடச் சொல்லலாம். அன்று என் இடது காலுக்கு ஒரு காது முளைத்தது.

பின்னால் நான் வங்கியில் குமாஸ்தாவாகி, மேஜைக்கு அந்தப்புறம் உத்தரவுகள் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில்தான் ஒன்று புரிந்தது. அப்பாவுக்குப் போகுமிடம் டாக்டர் சொல்வார். வேகம் டாக்டர் சொல்வார். எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் வெயிலில் காத்திருப்பது, எல்லாம் அவர் சொல்வதுதான். எந்தக் கியர் என்று மட்டும் அவர் ஒருநாளும் சொன்னதில்லை, சொல்லவும் முடியாது. அந்த நாலு நிலைகளுக்கிடையே அப்பா யாருக்கும் வேலைக்காரரில்லை. ஒரு மனுஷனின் சுதந்திரம் இத்தனை சிறிய இடத்தில், ஒரு கம்பி நகரும் சில அங்குலத்தில், இருந்திருக்கிறது. உத்தர வீதியில் பூக்காரர் கேட்ட கேள்வி தைத்தது இதனால்தான். நான் மாற்றியது காரை மட்டுமில்லை என்று பட்டது.

யந்திரத்தைப் பழிப்பது சுலபம். எனவே அதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள முயன்றேன். தானியங்கி கியர் புதிய சமாசாரமில்லை. ஜெர்மன் பொறியாளர் ஃபோட்டிங்கர் எண்ணெயின் சுழற்சியால் விசையைக் கடத்தும் வழிக்கு 1905இல் காப்புரிமை பெற்றார். அவர் மனதில் இருந்தது கப்பல். அமெரிக்காவில் 1940ஆம் வருஷ மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களிலேயே கிளட்ச் பெடல் இல்லாத பெட்டி வந்துவிட்டது. அங்கே எஞ்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே உறவு எண்ணெய் வழியாக. வழுக்கலான, சண்டையில்லாத உறவு. நம்மூர் நடுத்தரக் குடும்பத்துக்கு அந்த விலை கட்டாது. இங்கே அது பரவலானது வேறு வழியில். 2014 பிப்ரவரியில் மாருதியின் செலரியோவோடு வந்த முறையில், கியர்ப்பெட்டி பழைய பெட்டிதான், கிளட்ச் பழைய உலர்ந்த தகடுதான். அதை மிதிக்கவும் கம்பியைத் தள்ளவும் ஒரு சிறிய கருவி. எப்போது என்று முடிவு செய்ய ஒரு கணினி. அவ்வளவே. என் காரும் அந்த ஜாதி. (அதே 2014 மே மாதம் உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி நின்றது. இதை நான் குறியீடாக்க விரும்பவில்லை. தேதி அப்படி விழுந்தது.)

ஆக, கிளட்ச் ஒழியவில்லை. யாரோ மிதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான் இல்லை, அவ்வளவுதான்.

இதை வெண்பா எழுதும் நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் துள்ளிக் குதித்தார். 'உங்க புதுக்கவிதை அதேதானய்யா. கிளட்சும் வேண்டாம், கியரும் வேண்டாம். உட்கார்ந்து மிதிச்சா ஓடும்.' 1959இல் 'எழுத்து' வந்த நாளிலிருந்து வேறுவேறு உருவில் கேட்டுவரும் வசைதான். சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் பாலத்தின்மீது வரும்போது உவமையை அவர் தலைகீழாகப் பிடித்திருக்கிறார் என்று தோன்றிற்று. தளை தட்டாமல் எழுதிப் பழகிய காதுக்கு அடுத்த சீர் தானாகவே விழுகிறது. எங்கே மாற்றவேண்டும் என்பதை முன்பே யாரோ முடிவு செய்து உள்ளே வைத்திருக்கிறார்கள்; எழுதுகிறவன் மிதித்தால் போதும். அதுவல்லவா தானியங்கி? யாப்பை விட்டவனுக்குத்தான் ஒவ்வொரு வரியிலும் வண்டி கேட்கிறதா என்று காது கொடுக்கவேண்டியிருக்கிறது. அவனுக்கு சின்க்ரோமெஷ் இல்லை. பல் அரைபடும் சத்தம் நம் பத்திரிகைகளில் நிறையவே கேட்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனால் வெண்பாவிலும் காது உள்ளவன் எழுதினால் வேறு. எனவே விவகாரம் கருவியில் இல்லை, கேட்பதில் இருக்கிறது என்று ஒரு முடிவுக்கு வந்தேன். வந்தபிறகு, அப்படியானால் இந்தக் காரில் நான் எதைக் கேட்கிறேன் என்ற கேள்வி மிச்சமிருந்தது.

ஏனென்றால் இந்தக் கார் கியர் மாற்றுகிறபோது ஒரு தயக்கம் உண்டு. கிளட்ச் தகடு பிரிந்து மறுபடி சேரும் அந்த அரைக் கணம் விசை அறுந்துபோகும். உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் ஒருமுறை தலையாட்டுவார்கள். என் மனைவி இதற்கு 'ஆமாஞ்சாமி வண்டி' என்று பெயர் வைத்தாள். சில மாதம் அதைச் சபித்துக்கொண்டே ஓட்டினேன். ஒருநாள் மாம்பழச்சாலையிலிருந்து திரும்பி வேகமெடுக்கையில், யோசிக்காமல், எஞ்ஜின் சத்தம் ஒரு உயரத்தை எட்டியபோது வலது காலை ஒரு நூல் தூக்கினேன். கியர் வெண்ணெயாக விழுந்தது. தலையாட்டல் இல்லை. மறுபடி செய்தேன். மறுபடி விழுந்தது. கணினி தீர்மானிக்கப்போகும் இடத்தை முன்கூட்டியே கேட்டு இடம் விட்டால் போதும். வண்டி இன்னும் கேட்கிறது. 'கேட்டா குடு.' காது இடது காலிலிருந்து வலது காலுக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. அப்பா சொன்னதில் எது தொழில்நுட்பம், எது அதற்கப்பால் என்று நாற்பது வருஷம் கழித்துப் பிரித்துப் பார்க்கிறேன்.

என் பெண் இதைக் கேட்டு, 'எதுக்குப்பா இவ்வளவு?' என்றாள். அவள் லைசென்ஸ் வாங்கப் பயிற்சிப் பள்ளியின் கிளட்ச் வண்டியில் ஓட்டினாள்; அதன்பின் ஒருநாளும் கிளட்சைத் தொட்டதில்லை. தலையாட்டல் அவளைத் தொந்தரவு செய்யவில்லை. தாத்தாவின் வித்தை அவளோடு சேரவில்லையே என்று எனக்கு வருத்தம் உண்டா? உண்டு. ஆனால் அந்த வருத்தத்தை நம்பலாமா என்பதில் சந்தேகமும் உண்டு. 2022 நவம்பரில் பழுது பார்ப்பதற்காகக் காவிரிப் பாலத்தை மூடினார்கள். 1976இல் திறந்த பாலம். மறு மார்ச் வரை கார்களெல்லாம் பைபாஸ் பாலம் வழியாகச் சுற்றவேண்டியிருந்தது. சாயங்காலங்களில் வண்டிகள் நத்தையாக ஊர்ந்தன. பக்கத்து வண்டிக்காரர்கள் கிளட்சை மிதிப்பதும் விடுவதுமாக இருந்தார்கள். ஒருவர் கதவைத் திறந்து காலை வெளியே நீட்டி உதறிக்கொண்டார். இடது காலை.

அப்போதுதான் அது ஞாபகம் வந்தது. மாதத்துக்கு இரண்டு முறை அப்பா டாக்டரை மெட்ராசுக்கு அழைத்துப் போவார். 320 கிலோமீட்டர் போய், அந்த ஊர் நெரிசலில் இரண்டு நாள் ஓட்டி, திரும்புவார். அன்று இரவு திண்ணையில் உட்கார்ந்து முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொள்வார். என்னைக் கூப்பிட்டு, 'கொஞ்சம் அமுக்கி விடுடா' என்பார். அமுக்கிவிடுவேன். அப்பாவுக்குக் கால் அமுக்குவது பிள்ளையின் கடமை என்று நினைத்திருந்தேன். அவர் நீட்டியது எப்போதும் ஒரே கால். வலது காலை அவர் நீட்டியதே இல்லை. இத்தனை வருஷத்தில் அதை நான் யோசித்துப் பார்த்ததில்லை. அவருடைய அந்தச் சில அங்குல சுதந்திரத்துக்கு எந்த மூட்டு விலை கொடுத்தது என்று கேட்கவுமில்லை.

அவர் 1998இல் போய்விட்டார். இந்தக் காரில் அவரை உட்காரவைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று கற்பனை செய்ய எனக்குத் தெம்பில்லை. கியர்க்கம்பியைத் தேடியிருப்பாரா, இடது காலை நீட்டி ஆசுவாசமாகச் சாய்ந்திருப்பாரா, சொல்ல முடியவில்லை. இரண்டாவதற்குத்தான் வாய்ப்பு அதிகம் என்று படுகிறது. அப்படிப் படுவதால் என் பழைய வருத்தம் கொஞ்சம் கூச்சப்படுகிறது.

இப்போது ஓட்டும்போது இடது காலைப் பின்னுக்கு இழுத்து, ஸீட்டோடு ஒட்டி வைத்துக்கொள்கிறேன். பிரேக்கைத் தேடிப் போகாதிருக்க அதுதான் வழி. பெரும்பாலும் அடங்கிக் கிடக்கிறது. ஏதாவது ஏற்றத்தில், முன்னால் ஒரு பாரவண்டி நின்றுவிட்டால் மட்டும், குதிகால் தரையைவிட்டு மெல்ல எழும்புகிறது. நான் தடுப்பதில்லை. ஒரு அங்குலம் எழும்பி, ஒன்றுமில்லாத இடத்தைத் தொட்டுவிட்டு, தானே இறங்கிவிடுகிறது.